சந்தாபுரா லைன்

விவேக் நகரில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் அப்போது கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடோன் ஊருக்கு வெளியே சந்தாபுராவில். இரண்டுக்கும் நடுவே முதலாளி புதிதாகத் தனி லைன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரு பக்கமும் ஒரு லினக்ஸ் சர்வர் வைத்திருந்தார். எதிர்ப்பக்கத்துக்கு எந்த வழியாகப் போவது என்று ஒவ்வொரு சர்வருக்கும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ரூட் என்று பெயர். மாதக் கடைசி சரக்குக் கணக்கு இனிமேல் அந்த லைனில்தான் வர வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து கணக்கு வரவில்லை. ரூட்டை அழித்து அழித்து எழுதிப் பார்த்தேன். லைன் கொடுத்தவர்களின் இன்ஜினியர், “எங்க சைடு க்ளியர் மேடம், உங்க சர்வரப் பாருங்க” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மதியம் குடோன் பொறுப்பாளர் போன் செய்தார். “மேடம், சாயங்காலம் பொண்ணுக்கு நிச்சயம், நீலசந்திராவுல. ப்ளாப்பில காப்பி பண்ணிக் குடுத்துட்டு நான் கெளம்பட்டுமா?”

முதலாளியிடம் கேட்டேன். “லைன் போட்டது ப்ளாப்பி அனுப்பவாம்மா? கணக்கு லைன்லயே வரட்டும். அதுவரைக்கும் அவர் அங்கேயே இருக்கட்டும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன். குடோனில் போன் கீழே, சர்வர் மாடியில். போனிலேயே சொல்லிச் செய்ய வைக்கவும் வழியில்லை. ஓசூர் ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நகர்ந்து நகர்ந்து போனது.

அங்கே பொறுப்பாளர் புதுச் சட்டையோடு மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மாடி சர்வரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நான் அனுப்பியதெல்லாம் ஒழுங்காக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் விவேக் நகருக்குத் திரும்பிப் போகும் ரூட்டை இந்த சர்வரில் யாரும் எழுதவே இல்லை. பதில்களை எல்லாம் இது புது லைனை விட்டுவிட்டுப் பழைய டயல்-அப் மோடம் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. ஒரே வரி. எழுதினேன்.

அப்போதும் வரவில்லை. கீழே ஓடி ஆபீசுக்குப் போன் செய்தேன். முதலாளிதான் எடுத்தார்.

“சர்வரத் தொட்டீங்களா சார்?”

“சொல்ப ஸ்லோவா இருந்துச்சும்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்.”

ஆபீஸ் சர்வரில் நான் கையால் அடித்திருந்த ரூட், மெஷின் அணைந்தால் போய்விடும். எல்லாம் சரியாக வந்தபிறகு நிரந்தரமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். இப்போது அதை அவரே அடிக்க வேண்டும். எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

“அப்புறம் ஸ்பேஸ் சார்.”

“எஸ், பி, ஏ...”

“அது இல்ல சார். கீழ நீளமா ஒரு பட்டன் இருக்கு பாருங்க.”

அடித்தார், தப்பு என்று வந்ததாம். திரும்ப அடித்தார், ஒரு புள்ளி விட்டுப் போயிருந்தது. பக்கத்தில் நின்றிருந்த பொறுப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். ரிசீவரைப் பொத்திக்கொண்டு, “சாவியக் குடுத்துட்டு நீங்க கெளம்புங்க சார், நான் பாத்துக்கறேன்” என்றேன்.

“மொதலாளி இருக்கச் சொல்லிட்டாரே மேடம்” என்றார்.

வெளியே விளக்குப் போட்டபிறகுதான் கணக்கு போய்ச் சேர்ந்தது. பொறுப்பாளர் குடோனைப் பூட்டிவிட்டு, ரோட்டில் கையைக் காட்டி ஒரு டெம்போவில் ஏறிப் போனார்.

திங்கட்கிழமை முதல் வேலையாக இரண்டு சர்வரிலும் ரூட்டை அழியாதபடி எழுதி வைத்தேன். அன்று பொறுப்பாளர் லட்டுப் பெட்டியோடு ஆபீசுக்கு வந்தார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டேன்.

“நல்ல நேரம் தாண்டிடும்னு மச்சானே நின்னு தட்டு மாத்திட்டாரு. நான் போனப்போ எல்லாரும் சாப்ட்டுட்டு இருந்தாங்க. பொண்ணுதான் சரியா பேசல.”

பெட்டியை முதலாளியிடம் நீட்டினார். அவர் இரண்டு லட்டு எடுத்துக்கொண்டு, “லைன் இப்போ சூப்பரா ஓடுது பாத்தீங்களா?” என்றார்.

“ஆமா சார்” என்றார் பொறுப்பாளர்.