ஊற்றுக்குப் போகும் குழாய்ப் பாதை

மரம் பார்க்கவோ மனசு ஆறவோ நான் அந்த மலைக்குப் போகவில்லை. வேலை இருக்கிறது என்றார்கள், போனேன்.

கோயமுத்தூருக்கு மேற்கே மலை ஆரம்பிக்கிற இடத்தில், நாற்பது வீட்டுக்கு மேல் இல்லாத ஒரு ஊர். அதற்குக் குடிதண்ணீர் மேலே காட்டுக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து கறுப்புக் குழாயில் வருகிறது. மோட்டார் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக இறங்கி வருகிற தண்ணீர். வழியில் எங்கேயாவது குழாய் விட்டுப்போனாலோ அடைத்துக்கொண்டாலோ ஊரில் காற்றுதான் வரும். அதனால் வாரத்தில் மூன்று நாள் இரண்டு பேர் அடிவாரத்திலிருந்து ஊற்று வரைக்கும் குழாயை ஒட்டியே நடந்து பார்த்துவிட்டு வர வேண்டும். லைன் பார்ப்பது என்று அதற்குப் பெயர். இரண்டு பேர் என்பது ஊர்க் கட்டுப்பாடு. யானை நடமாடுகிற காடு, ஒற்றை ஆளாக யாரும் ஏறவோ இறங்கவோ கூடாது.

அதற்கு முன்னால் பார்த்த வேலைகள் பல. எட்டாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவன் நான். கிணத்துக்கடவில் தேங்காய் உரித்தேன். மதுக்கரையில் சிமெண்ட் மூட்டை ஏற்றினேன். எச்சில் துப்பினால் சாம்பல் நிறத்தில் விழும். சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். அங்கே நிற்பதுதான் வேலை, அதனால் எல்லாவற்றையும்விட அதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கேயும் ஐந்து மாதம், ஆறு மாதம். யாரும் துரத்தியதில்லை, சண்டையும் வந்ததில்லை. ஒருநாள் காலையில் எழுந்தால் கால் வேறு பக்கம் பார்த்து நிற்கும், அவ்வளவுதான்.

பங்குனியில் லைனுக்குச் சேர்ந்தேன். கீழே தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில். மூங்கில் புதரைத் தாண்டிப் பாதைக்குள் நுழைந்தால் இருபதடியில் வெளிச்சம் பாதியாகிவிடும். வேங்கையும் நாவலும் தான்றியும் மேலே கைகோத்துக்கொண்டு நிற்கும். வியர்வை முதுகிலேயே குளிர்ந்து சட்டை ஈரத்துணி மாதிரி ஒட்டும். அந்த நிழலில் முதல் ஒரு வாரம் எனக்குச் சுகமாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

என்னோடு வருகிறவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நூல் மில்லில் பிட்டராக இருந்தார். மில் மூடிய பிறகு மனைவியின் ஊரான இங்கே வந்து தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எதற்கும் வரமாட்டார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு பஸ் ஏறிவிடுவார். மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. காட்டுக்குள்ளும் அப்படியே பேசுவார். ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று முதல் நாள் கேட்டேன்.

"நாம வர்றது அதுகளுக்குத் தெரியோணும் தம்பி. சொல்லாமக் கொள்ளாமப் போய் முன்னால நின்னா யானைக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்."

என்னைப் பற்றி ஊருக்குள் அவர்தான் அறிமுகம் செய்தார். "இவன் ஆளு இல்லீங்க, டவுன் பஸ்ஸு. நின்னா இஞ்சின் ஆப் ஆயிரும்."

கோடையில் யானைகள் குழாயைப் பிரித்துவிடும். மிதித்து உடைப்பதில்லை. உள்ளே தண்ணீர் ஓடுவது அதற்குக் கேட்கிறது போலிருக்கிறது. இணைப்பு இருக்கிற இடமாகப் பார்த்து இழுத்துப் பிடுங்கி, வேண்டியமட்டும் குடித்துவிட்டு அப்படியே போட்டுப் போய்விடும். அண்ணனுக்கு அதில்தான் கோபம். "குடிக்கட்டும், யாரு வேண்டாங்கறா? குடிச்சுப்போட்டு மூடி வெச்சா துதிக்கை தேஞ்சா போயிரும்?"

காட்டில் தீ மூட்டக்கூடாது என்பதால் பெரிய பிளாஸ்கில் கொதிதண்ணீர் கொண்டுபோவோம். குழாயின் முனையை அதில் முக்கினால் இளகும். இளகினவுடன் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் இணைப்பின் மேல் திருகி ஏற்ற வேண்டும். ஆறிவிட்டால் ஏறாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை.

ஆனியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வந்தது, பின்னாலேயே சாரல். பாதையில் அட்டை. புகையிலையும் உப்பும் கலந்து காலில் தேய்த்துக்கொண்டு ஏறுவோம். இருந்தாலும் இறங்கி வந்து பார்த்தால் விரலிடுக்கில் இரண்டு தொங்கும். ஊற்றின் வாயில் இலை வந்து அடைத்துக்கொள்ளும். அங்கே ஒரு சிறிய சிமெண்ட் தொட்டி, அதற்குள் சல்லடை. தொட்டியை ஒட்டி ஆள் மட்டத்துக்கு ஒரு குட்டை. மழையில் அதன் அடி தெரியாது.

பாதை ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருந்தது. போன தடவை வேர் இருந்த இடத்தில் இந்தத் தடவை சேறு, சேறு இருந்த இடத்தில் காளான். அதெல்லாம் எனக்குப் பிரச்சினை இல்லை. வந்த வழியே திரும்புவதுதான் ஆகவில்லை. மலை ஏறினால் அந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று உடம்பு கேட்கும். நாங்கள் ஊற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை முகட்டில் ஏறி, மறுபக்கம் தார் ரோட்டுக்கு இறங்குகிறது. அண்ணன் சல்லடை கழுவும்போது நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஆடியில் ஒருநாள் அண்ணன் வழியிலேயே ஒரு கசிவைப் பார்த்துவிட்டு அங்கே உட்கார்ந்துகொண்டார். இணைப்பு விடவில்லை, கம்பி கட்டினால் போதும் என்றார். நீ மேலே போய்ச் சல்லடையைக் கழுவு, நான் இதை முடிக்கிறேன் என்று என்னை அனுப்பினார். பாதை அங்கே மடங்கி மடங்கி ஏறுவதால், ஊற்றிலிருந்து பார்த்தால் அவர் இருக்கிற இடம் காலுக்கு நேர் கீழே. ஆள் தெரியாது, கூப்பிட்டால் கேட்கும்.

சல்லடையைக் கழுவி வைத்தேன். ஊற்றுக்கு மேலே ஒரு பாறையில் மட்டும் போனுக்கு சிக்னல் கிடைக்கும். ஏறி நின்றவுடன் போன் அடித்தது. தெரிந்த லாரி டிரைவர்.

"தேங்காய் லோடு நாசிக் போகுதப்பா. கிளீனர் ஓடிப்போய்ட்டான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிணத்துக்கடவுல வண்டிய எடுக்கறேன். வாரயா?"

நாசிக் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. வருகிறேன் என்றேன். மணி பதினொன்று இருக்கும். முகட்டுப் பாதையில் இறங்கினால் ஒரு மணிக்கு பஸ். கீழே போய் அண்ணனிடம் நேரில் சொன்னால் அவர் பேசிப் பேசியே அரை நாளை ஓட்டிவிடுவார், நானும் இளகிவிடுவேன். அவர் ஒற்றை ஆளாக இறங்க வேண்டியிருக்கும் என்பது தெரியும். பாதி தூரம்தானே, கத்திக்கொண்டே இறங்கிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாறை விளிம்பில் நின்று கையை வாயில் குவித்துக் கூப்பிட்டேன்.

"அண்ணா! நான் வாரேனுங்ணா!"

கீழேயிருந்து, பனிமூட்டத்துக்குள்ளிருந்து, அந்த மில் தொண்டை பதில் சொன்னது. "செரி! வா!"

ஒரு எழுத்துப் பிசகாமல் அவருக்குக் கேட்டது, எனக்கும் கேட்டது. விடை கேட்டேன், கிடைத்துவிட்டது. மனசு லேசாகி முகட்டில் ஏறினேன். அந்தப் பக்கம் இறங்குகிற ஒன்றரை மணி நேரமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

தார் ரோட்டில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. வடையும் டீயும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் காலை நீட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். "வாரேன், வாரேன். இதா பஸ் ஏறிட்டேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அம்மா சிரித்தார். "எந்த பஸ்ஸுங்ணா ஏறியிருக்கறீங்க? எங்கூட்டு பெஞ்சா?"

"ஊட்டுக்காரி அவசரப்படறா அம்மணி. நான் போய் என்ன சமைக்கவா போறேன்?" அவர் டீயைக் குடித்து முடித்து, பக்கத்தில் நிறுத்தியிருந்த வண்டியை உதைத்துக் கிளப்பினார். "செரி, வாரேன்."

"வாங்ணா."

அவர் போய்விட்டார். நான் கடித்த வடையைத் தட்டிலேயே வைத்தேன்.

நானும் அதைத்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் கிளம்புகிற யாரும் போறேன் என்று சொல்லமாட்டார்கள். அது திரும்பி வராதவன் சொல்கிற சொல். கிளம்புகிறவனும் வாரேன் என்பான், வந்துகொண்டிருப்பவனும் வாரேன் என்பான். அண்ணன் எனக்கு விடை கொடுக்கவில்லை. இறங்கி வா என்றார். குழாயைக் கட்டிவிட்டு நான் வருவேன் என்று உட்கார்ந்திருப்பார். கால் மணி நேரம் பார்ப்பார், அரை மணி நேரம் பார்ப்பார். என்னை விட்டுவிட்டு இறங்குகிற ஆள் இல்லை அவர். மேலே தேடி வருவார். மழை, வழுக்குப் பாறை, அடி தெரியாத குட்டை. ஊரிலேயே நீச்சல் தெரியாத ஒரே ஆம்பளை என்று அவரை எல்லோரும் கேலி செய்வார்கள்.

போன் அடித்தேன். அவர் இருக்கிற இடத்தில் சிக்னல் இல்லை. அவர் மனைவிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஒரு காலைப் படியில் வைத்தேன்.

"ஏறறதுன்னா ஏறுங்க. பொண்ணு பாக்க வந்தவராட்டம் பாத்துட்டே நின்னா எப்படிங்க?" என்றார் கண்டக்டர்.

ஏறியிருக்கலாம். ஏறுகிற ஆள்தான் நான். ஏன் காலை எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. விசில் அடித்து பஸ் போனது.

திரும்ப ஏறும்போது ஒற்றை ஆள் நான். பாதை முழுக்கப் பனிமூட்டம். பத்தடிக்கு அந்தப் பக்கம் மரமா யானையா என்று தெரியவில்லை. சத்தம் கொடுக்க வேண்டும், என்ன பேசுவது என்று தெரியவில்லை. இதுவரை வேலை பார்த்த இடங்களை ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டே ஏறினேன். தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து கத்தினேன்.

ஊற்றுக்கு வந்தபோது மூன்றரை ஆகிவிட்டது. அண்ணன் குட்டைக்குள் தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கையில் நீள மூங்கில். அதைத் தண்ணீருக்குள் விட்டு மெதுவாகக் குத்தினார், எடுத்தார், அரையடி தள்ளிக் குத்தினார். தொட்டி மேல் நான் மறந்துவிட்டுப் போன துண்டு அவர் தோளில் கிடந்தது.

"அண்ணா."

திரும்பினார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போயிருந்தது. "எங்க இருந்தே?" என்று காற்றாக வந்தது.

"முகட்டுக்கு அக்கட்டால இறங்கிட்டனுங்ணா. கிளம்பிட்டேன்."

"வாரேன்னு சொன்னே."

"போறப்ப வாரேன்னுதானுங்ணா சொல்லுவாங்க."

"வாரேன்னு சொல்லிப்போட்டுப் போனயா?"

"நீங்களும் வான்னு சொன்னீங்க."

"அதுக்கு நீ இங்கல்லடா வரோணும்!" மூங்கிலை ஓங்கினார். ஓங்கினதில் நிலை தடுமாறி, தண்ணீருக்குள் இறங்கியிருந்த என் மேலேயே சாய்ந்தார். பிடித்துக் கரையேற்றினேன். இடது முழங்கால் மடங்கவில்லை. தேடுகிறபோது பாறையில் இரண்டு தடவை விழுந்திருக்கிறார்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஊர் போய்ச் சேரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. வழியெல்லாம் சத்தம் கொடுக்க அவருக்குத் தொண்டை இல்லை. நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். கடைசி மூங்கில் புதரில் நின்று மூச்சு வாங்கும்போது மட்டும் சொன்னார். "கோலுக்கு ஏதாச்சும் தட்டுப்பட்டிருமோன்னு பயந்து பயந்து குத்துனேன். தட்டுப்படலைன்னாலும் பயமா இருந்துது."

லாரி போய்விட்டது. ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் அவரால் ஏற முடியவில்லை. நான் ஊர்க்காரர்களோடு மாற்றி மாற்றிப் போனேன். அன்றைக்கு நடந்ததை அவர் ஊரில் வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டிருந்தார். கடைக்குப் போனால்கூட, "வாரீங்களா போறீங்களா, வெவரமாச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் சாமான் கொடுத்தார்கள். ஐப்பசியில் அவர் ஒரு தடியோடு வந்து சேர்ந்தார். மதியத்துக்கு மேல் இடி இடித்துக் கிழக்கத்தி மழை. மார்கழியில் குழாயைத் தொட்டால் கை விறைத்தது; வெயில் வந்து சேர மணி பத்தாகும். தையில் பாதையெல்லாம் நெல்லிக்காய் உதிர்ந்து கிடந்தது. அவர் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், எனக்கு ஒன்று கொடுப்பார்.

மலையோடு ஒட்டிக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அரிப்பு அப்படியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயெடுப்பேன். அவரிடம் இனிமேல் வாரேன் என்று சொல்ல முடியாது. இன்னொரு சொல் நாக்கில் ஏறவில்லை. ஒரு சொல்லுக்காக ஒரு ஆள் ஏழு மாதம் ஒரே இடத்தில் இருப்பான் என்று எனக்கே தெரியாது.

மாசியில் இலை கொட்டி, நிழல் கிழிந்து, பாதையில் துண்டு துண்டாக வானம் விழுந்தது. ஒரு இணைப்பு பிரிந்து கிடந்தது. அண்ணன் மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து, தகர டப்பாவில் கொதிதண்ணீரை ஊற்றிக் குழாய் முனையை முக்கினார். நான் எதிரில் நின்றேன்.

"அண்ணா. நான் போறேனுங்க."

அவர் டப்பாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன சொன்னே?"

"போறேன்."

"வாரேன் இல்லையே?"

"இல்லீங்ணா."

"எப்போ?"

"ஞாயித்துக்கெழம. லைனுக்கு ஆள் சொல்லிட்டேன்."

"எங்க போறே?"

"தெரியலீங்ணா."

அவர் குழாய் முனையை எடுத்து அழுத்திப் பார்த்தார். இளகியிருந்தது. "ஆறுது," என்றார். "புடி."

நான் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டேன். அவர் இந்தப் பக்கமிருந்து திருகி ஏற்றினார். பாதி ஏறி நின்றது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினோம். ஏறிக்கொண்டது. கொஞ்சம் மேலே போய், வேலைக்காக மூடி வைத்திருந்த வால்வைத் திறந்துவிட்டு வந்தேன். குழாய்க்குள் தண்ணீர் வருகிற சத்தம் எங்களைத் தாண்டிக் கீழே போகிற வரைக்கும் அவர் கையை அதன் மேல் வைத்தபடியே இருந்தார். அதற்கப்புறம் எழுந்திருப்பதற்கு என்னிடம் கையை நீட்டினார்.