கேட்காமல் வந்த வரி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்திருந்த ஆள் நான். இது நடந்தது பட்டப்பகலில். கடை வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பழுதான ஹார்டு டிஸ்க்கில் இருப்பதை மீட்டுக் கொடுக்கும் கடை. நானும் என் தங்கை கணவரும் சேர்ந்து நடத்தினோம். மாப்பிள்ளை இறந்து அன்றோடு இருபது நாள். படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதங்களில் தன் மகளுக்காகக் கதை சொல்லி ஒரு டிஸ்க்கில் பதிவு செய்து வைத்திருந்தார். நாற்பத்தொரு கதைகள். வேறு பிரதி கிடையாது. அந்த டிஸ்க் இப்போது கரகரத்துக்கொண்டு உயிரை விடும் நிலையில் இருந்தது.

"அப்பா குரல் வேணும்னு தினமும் அழறா. எப்படியாவது எடுத்துக் குடு அண்ணா" என்று தங்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

நகல் எடுக்க நாங்கள் நம்பியது கறுப்புத் திரையில் தட்டும் ஒரு பழைய கட்டளையை. சரியான ஊமைக் கோட்டான் அது. வேலை செய்கிறதா, நின்றுவிட்டதா, தானாகச் சொல்லாது. பக்கத்து ஜன்னலில் இருந்து இன்னொரு கட்டளை தட்டிக் கேட்டால் மட்டும், இதுவரை எவ்வளவு நகலானது என்று ஒரே ஒரு வரி காட்டும். மாப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளாது. நாலு நிமிடத்துக்கு ஒருமுறை மேஜையை இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கேட்பார். கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடுமா என்று நான் கிண்டல் செய்வேன்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒருவர் கட்டளையைத் தட்டினால், மற்றவர் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். அப்புறம்தான் என்டர். அன்று படிக்க ஆள் இல்லை. அவர் நாற்காலியைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

மதியம் 2:10. பழைய டிஸ்க்கையும் காலி டிஸ்க்கையும் மாட்டினேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. தட்டினேன். என்டர்.

2:14. திரையில் ஒரு வரி வந்தது. நகலானது: பூஜ்யம்.

நான் கேட்கவில்லை... கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

2:18. மறுபடியும் ஒரு வரி. பூஜ்யம்.

வெளியில் இருந்து யாராவது கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டார்களா? நெட் கேபிளைப் பார்த்தேன். கழற்றிச் சுருட்டித்தான் வைத்திருந்தேன். டிஸ்க்கே போய்விட்டதோ? குழந்தைக்கு என்ன பதில் சொல்வேன்?

விசைப்பலகையை விட்டு எழுந்தேன். சுவரில் சாய்ந்து நின்றேன். இரண்டு கையும் கட்டியிருந்தேன்.

2:22.

டக்... டக்...

மேஜையில் இருந்துதான்.

பூஜ்யம்.

கடிகாரத்தையே பார்த்தேன். 2:24... 2:25...

2:26.

டக்... டக்...

அவர் நாற்காலி மெல்லத் திரும்பியது. திரைப் பக்கம்.

ஓடிப்போய் நகல் எடுப்பதை நிறுத்தினேன்.

அப்போதுதான் நான் தட்டியதைப் படித்தேன்.

மாற்றிப் போட்டிருந்தேன்... காலி டிஸ்க்கை எடுத்து, அவர் குரல் மேல் எழுதச் சொல்லியிருந்தேன். பதினாறு நிமிடம். எல்லாமே அழிந்திருக்க வேண்டும். ஒரு எழுத்துகூட நகரவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திருத்திச் சரியாகத் தட்டினேன். மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன். 5:40க்கு முடிந்தது. இந்த முறை நான் கேட்டபோது மட்டும்தான் வரி வந்தது.

நான் செய்த தப்பை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். நகலைத் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டு, வாசலோடு திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை போன் செய்தாள்.

"அண்ணா, நாப்பத்தொண்ணுதானே? இதுல நாப்பத்திரண்டு இருக்கு."

கடைசிப் பதிவின் தேதி, முந்தைய நாள். நேரம், 2:26. ஒன்பது விநாடி. போன் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள்.

டக்... டக்...

பிறகு மாப்பிள்ளையின் குரல்.

"மச்சான், நிறுத்து. மாத்திப் போட்டுட்ட."

தங்கை பதிவை நிறுத்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எதை அண்ணா மாத்திப் போட்ட?"