தைலம் பூசிய வாழைப்பழம்

என் ஓரகத்தியை எனக்குப் பிடிக்காது. இதை மறைத்து எழுதினால் மீதி எதுவும் விளங்காது. கொழுந்தன் சுரங்கத்தில் பர்மனென்ட். என் வீட்டுக்காரர் அதே சுரங்கத்தில் காண்ட்ராக்ட். குவார்ட்டர்ஸில் ஃபேனுக்கடியில் உட்கார வேண்டியவள், பொழுது போகவில்லையென்று வடக்குத்து பஸ் ஸ்டாப்பில் என் பழக்கடைக்குப் பக்கத்திலேயே கடை போட்டாள். ஊரில் வேறு இடமா இல்லை?

அந்த மழைக்காலத்தில் என் பூவன் சீப்புகளின் அடிக்காம்பில் இரண்டாம் நாளே பூஞ்சை பூத்தது. தொட்டால் பழம் உதிர்ந்தது. அவள் கடைப் பழமோ நாலு நாளானாலும் அப்படியே இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. வாராவாரம் ஒரு கேன்டீனுக்கு நான்தான் வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கடை நின்றதே அந்த ஆர்டரில்தான். "இன்னொரு தடவ அழுகல் வந்தா வேற கடையப் பாத்துக்குவேன்" என்று கேன்டீன் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை.

வேறு வழியில்லாமல் அவளிடம் வாய் திறந்தேன். "உன் பழத்துக்கு இன்னாத்தப் போடுற?"

"தைலந்தான்க்கா. பண்ருட்டில பயிற்சிக்குப் போயிருந்தேன்ல, அங்க..."

பயிற்சி என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் பெருமையை நான் நின்று கேட்க வேண்டுமா? "சரி சரி, தெரியும்" என்று வந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் தைலம் என்றால் ஒன்றுதான். சுரங்கத்து மண்மேட்டில் நிற்கிறதே தைலமரம், அதன் தைலம். சளி பிடித்தால் நெஞ்சில் தேய்ப்பது. கேன்டீனுக்குப் போக வேண்டிய அத்தனை சீப்புக்கும் அதைக் கையால் தேய்த்துவிட்டேன். மறுநாள் காலை தோல் தீய்ந்து கறுத்திருந்தது. உள்ளே நன்றாகத்தானே இருக்கும் என்று எடுத்துப் போனேன். சூப்பர்வைசர் ஒரு பழத்தை உரித்து மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, சளி புடிச்சவன் தலகாணியாட்டம் நாறுது?"

கூடை அப்படியே திரும்பி வந்தது. ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போனது.

அன்று சாயங்காலம் அவள் ஒரு சின்ன பாட்டிலை என் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது எலுமிச்சைப்புல்லு தைலம்க்கா. பழத்துல பூசக் கூடாது. பஞ்சுல நாலு சொட்டு வுட்டு, பழத்துல படாம பெட்டிக்குள்ள வெச்சி மூடிடணும். அந்த வாசனைக்கே பூஞ்சை அடங்கிடும். அன்னிக்கே சொல்ல வந்தேன். நீதான் மூஞ்சத் திருப்பிக்கினு போயிட்ட."

அவள் என்னை ஏமாற்றியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆசை தீரத் திட்டியிருப்பேன்.

பாட்டிலைத் தூக்கி எறியவில்லை. பஞ்சில் சொட்டு விட்டுத்தான் இப்போது பெட்டியை மூடுகிறேன். போன வாரம் ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா, "பழம் இப்பல்லாம் கெடாம நிக்குதே, யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"யாரு சொல்லிக் குடுக்கணும்? நானே பண்ணிப் பாத்ததுங்க" என்றேன், பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி.

அவள் கேன்டீனுக்குப் போக வேண்டிய சீப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.