வாலாட்டிக்குருவி குடியேறிய பேருந்து

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் வண்டி வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் சொல்கிறவள் கிளாஷா. அவளுக்குச் சம்பளம் அதற்குத்தான். ஆனால் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அவள் பேருந்தோடு நிறுத்தமாட்டாள்.

“பெரெஸ்கினோ வண்டி இருபது நிமிஷம் தாமதம். சந்தைக்குப் பின்னாடி இருக்குற மரத்துக்கு, குளிருக்குத் தெற்கே போயிருந்த காக்காய்ங்க எல்லாம் வந்து சேந்தாச்சு. அதுங்க தாமதம் இல்ல.”

நான் ஸோயா. அதே நிலையத்தின் சிற்றுண்டிச் சாலையில் அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறேன். அவள் அறைக்கும் என் அடுப்புக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் தும்மினால் நான் ‘நல்லா இரு’ என்பேன். அவ்வளவு நெருக்கம்.

கிளாஷா வடகோடியில், சுரங்க ஊர் ஒன்றில் பிறந்தவள். அங்கே குளிர்காலத்தில் சூரியனே எழுந்திருக்காது. முப்பது வயதில் கணவனோடு எங்கள் ஓகா ஆற்றங்கரைக்குக் குடிவந்தாள். அந்த வசந்தத்தில் முற்றத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்தவள், கூரைமேல் ஏதோ குருவி பாடியதைக் கேட்டு வாளியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாளாம். கணவனுக்கு எங்கள் ஊர் ஒத்துவரவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சொல்லி, சண்டை சச்சரவு எதுவுமில்லாமல் ஒருநாள் வடக்கே திரும்பிப் போய்விட்டான். இவள் போகவில்லை; விவாகரத்தும் அப்படியே சண்டையில்லாமல் முடிந்தது.

எங்கள் பக்கத்தில் பறவைக்குப் பறவை ஒரு நாள் உண்டு; அது எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். வந்தால் கொண்டாடுவோம், வேலை இருந்தால் விட்டுவிடுவோம். கிளாஷாதான் ஒன்றையும் விடமாட்டாள். பசித்தவள் விருந்துக்கு வந்த மாதிரி, எல்லாம் அவளுக்கு வேண்டும்.

அவளை ஊர் முழுக்கத் தெரிந்துகொண்டது ஒரு வானம்பாடி நாளில். மார்ச் இருபத்திரண்டு. பனி உருகி, சாலையெல்லாம் சேறும் கூழுமாகி, ஒரு வண்டியும் கிளம்பவில்லை. கூடத்தில் உட்கார இடமில்லாமல் ஜனம் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. கிளாஷா சுவரைத் தட்டி, மாவு பிசைந்திருக்கிறதா என்று கேட்டாள். பிசைந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி, ‘கைகழுவிட்டு வர்றவங்க எல்லாரும் சிற்றுண்டிச் சாலைக்கு வாங்க, இன்னிக்கி மாவுல வானம்பாடி செஞ்சு சுடணும்’ என்றது. சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதே வாயோடு உள்ளே வந்தார்கள். மாவை நீளமாக உருட்டி முடிச்சுப் போட்டு, ஒரு முனையை அலகாகக் கிள்ளி, மறுமுனையை வாலாக நசுக்கி, கண்ணுக்கு உலர்திராட்சை வைத்தார்கள். வெந்ததும் குச்சியில் குத்தித் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், சேற்றில் நின்றபடி, ‘வானம்பாடி வா, வசந்தத்தைக் கொண்டா, குளிர்காலம் சலிச்சுப்போச்சு’ என்று கத்தினார்கள். நிலைய மேலாளர் பகோமிச் சன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார். மறுநாள் அவளைக் கூப்பிட்டு எச்சரித்தார். அவர் கையிலும் ஒரு வானம்பாடி இருந்தது. தலையைத் தின்றிருந்தார்.

ஏப்ரல் முதல் தேதி பறவை நாள். அன்று மரத்துக்கு மரம் கூட்டுப்பெட்டி கட்டுவோம். பலகைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கிளாஷா ஓட்டுநர் மகாரைப் பிடித்தாள். மகார் மனைவியை இழந்தவர். ஆற்றுக்கு எதிர்க்கரைக் கிராமத்துக்கு வண்டி ஓட்டுகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் எங்கிருந்தோ நல்ல பலகை கொண்டுவந்து பெட்டி செய்தார். குஞ்சு நகம் பதித்து ஏறிவர வேண்டும், அதனால் உள்பக்கம் இழைக்கக் கூடாது என்று கிளாஷா பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டி மரத்தில் ஏறிய பிறகுதான் பகோமிச், தம் புது அறிவிப்புப் பலகையைத் தேட ஆரம்பித்தார். பெட்டியின் நெற்றியில் ‘பயணிகள் கவனத்துக்கு’ என்று எழுதியிருந்தது. அதற்குள் குருவி குடிவந்துவிட்டது. யாரால் என்ன செய்ய முடியும்?

மே மாதம் இராப்பாடி நாள். ஆற்றங்கரைப் புதர்களில் இராப்பாடிக் குருவி வாய்திறக்கிற நாள். அன்று மாலை வண்டியைப் பாலத்தருகே நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, மகார் ஸ்டியரிங்மேல் கைகளை வைத்துக்கொண்டு அதன் பாட்டைக் கேட்டிருக்கிறார். பயணிகளும் கேட்டார்கள். எதிர்க்கரை யெகோர்த் தாத்தா மட்டும், பாட்டுக் கச்சேரிக்கா டிக்கெட் எடுத்தேன் என்று புகார் கொடுத்துவிட்டார். பகோமிச் விசாரித்தார்.

“வண்டிய ஏன் நிறுத்தினீங்க?”

“சூடாயிடுச்சு.”

“எஞ்சினா?”

மகார் யோசித்துவிட்டு, “இல்ல” என்றார். பொய் சொல்ல அவருக்கு வராது.

இராப்பாடி நாள் எது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்பதை நான் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்துவைத்திருந்தேன்.

அதே மாதக் கடைசியில்தான் அந்தப் பெரிய சங்கதி. மகாரின் வண்டி ஏதோ உதிரிபாகம் வேண்டி இரண்டு வாரமாகக் கொட்டகையில் நின்றது. எதிர்க்கரைக்காரர்கள் பாவம், பெரெஸ்கினோ வண்டியில் நெருக்கியடித்து வந்து, பிரிவுச் சாலையில் இறங்கி நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக உதிரிபாகம் வந்தது. மகார் முன்மூடியைத் தூக்கினார். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வாலாட்டிக்குருவி கூடு கட்டி, ஐந்தாறு முட்டை இட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தது. பறக்கவில்லை. அவரையே பார்த்தது. மகார் மூடியை மெதுவாக இறக்கிவிட்டு நேரே கிளாஷாவிடம் போனார்.

பகோமிச் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கூட்டை எடுத்து மரத்தில் வையுங்கள், வண்டி நாளைக் காலை ஓடவேண்டும்.

“எடுத்து வச்சா தாய் வராது. முட்டை கெட்டுப்போயிடும்” என்றாள் கிளாஷா.

“ஒரு கிராமமே நடந்து போகுது, கிளாஷா. குருவிக்காக ஜனங்கள நடக்கச் சொல்றீங்களா?”

“நான் சொல்லல. அவங்களையே கேட்டுப் பாக்குறேன்.”

“கேளுங்க. உங்களையும் சேத்து ஆத்துல தூக்கிப் போடுவாங்க.”

அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. நடந்து நடந்து கால் வீங்கிய ஜனம். சாயங்காலம் எதிர்க்கரைக்காரர்கள் மூட்டை முடிச்சோடு கூடத்தில் நிறைந்திருந்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது. கிளாஷா ஒன்றையும் மறைக்கவில்லை. வண்டிக்கு உதிரிபாகம் வந்துவிட்டது, ஆனால் உள்ளே வாலாட்டி அடைகாக்கிறது, குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம்கூட ஆகலாம், நீங்கள் வண்டி வேண்டுமென்றால் நாளையே ஓடும், முடிவு உங்களுடையது என்றாள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

முதலில் எழுந்தவர் யெகோர்த் தாத்தா. தொலைந்தது என்று நினைத்தேன்.

“என் சின்ன வயசுல ஆத்துல பனிக்கட்டிய உடைக்கிறது யாருன்னா, வாலாட்டின்னு சொல்வாங்க. வாலால தட்டித் தட்டி உடைக்குமாம்” என்றார். “அது உடைக்காட்டி படகே போகாது. அது வண்டியில உக்காந்திருந்தா உக்காரட்டும். நான் நடக்குறேன். ஆனா பறக்குற அன்னிக்கி என்கிட்ட சொல்லணும். சொல்லலைன்னா புகார் கொடுப்பேன்.”

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள், தானும் நடப்பதாகவும், பெரெஸ்கினோ வண்டியை ஒரு நடை கூடுதலாக விட்டால் என்ன குறைந்துபோகும் என்றும் கேட்டாள். குரலைக் கேட்டதும் பகோமிச்சின் அறைக்கதவு திறந்தது.

“அத்தை, நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்.”

“நீ பாத்த லட்சணந்தான் தெரியுதே, மாப்பிள்ளை. என் பொண்ணு அடை உக்காந்திருந்தப்ப உன்ன யாராவது வீட்ட விட்டுத் துரத்தினாங்களா?”

கூடம் வெடித்துச் சிரித்தது. பகோமிச்சும் வேறு வழியில்லாமல் சிரித்தார். மறுநாளிலிருந்து பெரெஸ்கினோ வண்டி ஒரு நடை கூடுதலாக, எதிர்க்கரை வரைக்கும் போய்வந்தது.

அதன் பிறகு குருவிக் குடும்பத்தின் செய்தி இல்லாமல் ஓர் அறிவிப்பும் வந்ததில்லை. முட்டை பொரிந்ததை ஊரே கேட்டது. தாயும் தகப்பனும் கொட்டகைக்குள் பூச்சியோடு போய்ப் போய் வந்தன. ஜூன் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, குஞ்சுகள் ரேடியேட்டர் கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்ப்பதாகக் கிளாஷா சொன்னாள். எதிர்க்கரையிலிருந்து ஜனம் வந்து இறங்கியது. யெகோர்த் தாத்தா நல்ல சட்டை போட்டிருந்தார். குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தத்தித் தத்திக் கீழே விழுந்து, எழுந்து, வேலிக்குப் பறந்தன. கடைசிக் குஞ்சு மட்டும் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்குவேனா என்றது. வாலை மட்டும் ஆட்டியது. பகோமிச் தொப்பியைக் கழற்றி அதன் கீழே பிடித்துக்கொண்டு நின்றார், விழுந்தால் தாங்க. அது தொப்பியைப் பார்த்துப் பயந்துதான் பறந்தது என்று அவர் மாமியார் இன்றும் சொல்கிறாள்.

அந்த ஞாயிறு எங்கள் ஊர்க் கணக்கில் வாலாட்டி நாளாகிவிட்டது. வேறு எந்த ஊரிலும் கிடையாது. வருஷாவருஷம் மகாரின் வண்டிக்கு பிர்ச் மரக் கிளை கட்டி, அன்று முழுக்க டிக்கெட் இல்லாமல் ஓட்டுகிறார்கள்.

மகார் அந்த இலையுதிர்காலத்தில் கிளாஷாவின் அறை வாசலில் வந்து நின்றார். ஒலிபெருக்கி அணையவில்லை என்பது இருவருக்கும் தெரியாது. “என் வீட்டுத் தோட்டத்துல ஆப்பிள் மரம் ஏழு இருக்கு. எதுலயும் பெட்டி கட்டல. நீ வந்தா கட்டலாம்” என்றார். கூடமே பதிலுக்குக் காத்திருந்தது. அவள், முதலில் ஏணி பலமாக இருக்கிறதா என்று கேட்டாள்.

கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் நவம்பர் பன்னிரண்டாம் தேதிதான் கிடைத்தது. அது பட்டாணிக்குருவி நாள். குளிருக்குத் தப்பி ஊருக்குள் வரும் குருவிக்கு உப்பில்லாத பன்றிக்கொழுப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிற நாள். ஆகவே கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கொழுப்புப் பொட்டலத்தோடு வந்தார்கள். குருவிக்கு உப்பில்லாதது, மனிதருக்கு உப்புப் போட்டது. நான் இரண்டையும் கலக்காமல் பிரித்துவைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பகோமிச்சுக்கு மட்டும் குருவியுடையது போய்விட்டது. ருசியாக இருக்கிறதென்று இரண்டாம் தடவையும் கேட்டார்.

இப்போது அவர்கள் எதிர்க்கரையில் இருக்கிறார்கள். கிளாஷா தினமும் கணவர் வண்டியிலேயே வேலைக்கு வருகிறாள். மகார் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசுகிறாராம். போன வாரம், சேவலுக்கு ஒரு நாள் கிடையாதா, அதுவும் பறவைதானே என்று கேட்டிருக்கிறார். கிளாஷா விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.