முந்தி வந்த விசில்

எங்கள் ரேடியோ தொலைநோக்கியின் முன்னால் ஹெட்போனுடன் இருந்தபோதுதான் பிலோமினா காலமான செய்தி எனக்கு வந்தது. குருநகரிலிருந்து அவளுடைய அண்ணை போன் எடுத்திருந்தார். "தங்கச்சி, பிலோ எங்களை விட்டிட்டுப் போட்டாள்" என்றார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள். அடுத்த கிழமை வேலைக்கு வந்துவிடுவாள் என்றே இருந்தோம். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம்.

அவளோடு பழகி, இன்று அவளை நினைவுகூரக் கூடியிருக்கும் உங்களுக்கு அவளுடைய வேலை தெரிந்திருக்கும். செத்த செய்மதிகளும் எரிந்து தீர்ந்த ராக்கெட் ஓடுகளும் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கின்றன. தொலைவிலிருந்து அனுப்பப்படும் வலுவான ரேடியோ அலை அவற்றில் பட்டுத் தெறிக்கும்போது, எங்கள் கருவியில் மெல்லிய விசில் கேட்கும். ஒவ்வொன்றும் வரும் நேரத்தைக் குறிப்பதுதான் எங்கள் தொழில். விசில் கேட்டதும் பிலோ, "வந்திட்டீரோ?" என்பாள். குப்பைக்கு என்ன மரியாதை என்று நான் பகிடி பண்ணுவேன். "அனுப்பினவன் மறந்திட்டான். அது நேரம் தவறாமல் வருதெல்லோ" என்பாள்.

ஒருமுறை பெரிய ராக்கெட் ஓடு ஒன்று விழப்போவதாக எங்கும் பேச்சு. எங்கே விழும் என்று எவருக்கும் தெரியவில்லை. அன்று பகல் அதன் விசில், நாங்கள் கணக்குப் போட்ட நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டது. பிலோவின் முகம் மாறியது. "முந்தி வருதெண்டால் இறங்குதெண்டு அர்த்தம்" என்றாள். பூமிக்குக் கிட்ட வர வர வேகம் கூடும். அடுத்து அது எங்கள் பக்கம் வருவது பொழுதுபடும் நேரம், கடலுக்கு மேலால்தான். அவளுடைய அண்ணையோ பின்னேரம் மீன்பிடித் தொழிலுக்குப் போகவிருந்தார்.

இருவரும் கரைக்கு ஓடினோம். இவ்வளவு பெரிய கடலில் அது எங்கள் போட்டைத் தேடிப் பிடித்தா விழும் என்று ஆட்கள் சிரித்தார்கள். விழ வாய்ப்பு மிகக் குறைவு என்று அவளும் ஒப்புக்கொண்டாள். பிறகு அண்ணையின் கையைப் பிடித்தாள்.

"கணக்கு எனக்குத் தெரியும், அண்ணை. ஆனால் போட்டிலை இருக்கப்போறது நீங்கள்."

அவர் வலையை இறக்கி வைத்தார்.

பொழுதுபடும் நேரம் அது வந்தது. மேற்கு வானத்தில் ஒரு வெளிச்சம் பத்தாக உடைந்து, நூறாக உடைந்து, மாதா சுற்றுப்பிரகார ஊர்வலத்து மெழுகுதிரிகள் போல வரிசையாக, சத்தமே இல்லாமல் எங்களைக் கடந்தது. சிரித்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அது தூரக் கடலுக்கு அப்பால் மறைந்தது. போன போட்டுகளும் விடிய முழுசாகத் திரும்பின. அன்றைய உழைப்பை இழந்த அண்ணை பிலோவின் பக்கம் திரும்பினார். "உதையே நீ காதாலை கேட்டனி?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்று தலையாட்டிய பிலோ அழுதுகொண்டிருந்தாள்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, குப்பைக்கும் அவள் கொடுத்த அந்த மரியாதை. அடக்கம் முடிந்த மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவளுக்குப் பிடித்த இன்னொரு பழைய ராக்கெட் ஓடு தன் நேரத்துக்கே வந்தது, கொஞ்சமும் முந்தவில்லை. முந்திக்கொண்டவள் பிலோதான். "வந்திட்டீரோ?" என்று நானே கேட்டேன்.