ஐஸ் வாளியில் ஒரு கால்

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் என் வீட்டுக்கு எதிரே ஒரு காப்பிக்கடை. வெயில் ஏறினால் அங்கே ஐஸ் கட்டியை உடைப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் என் இடது கால் நாற்காலிக்கு அடியில் தானாக ஒடுங்கிக்கொள்ளும். நான் மறந்தாலும் கால் மறப்பதில்லை.

எண்பத்திரண்டாம் வருஷமோ எண்பத்துமூன்றோ இருக்கும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். உறைந்த ரப்பர் பாலைத் தகடாக்கும் உருளை மெஷினில் என் வலது கை மாட்டி, இரண்டு விரல்கள் போயின. காயம் ஆறியது. தோல் மூடியது. வலி மட்டும் போகவில்லை. இல்லாத விரலின் நுனியில், இல்லாத நகத்துக்கு அடியில், யாரோ ஓயாமல் நெருப்புக்குச்சி உரசினார்கள். முதலில் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்லக் கேட்பவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

மாதங்கள் போயின. என் மனைவி விடியுமுன் பால் எடுக்க ரப்பர் மரம் சீவப் போவாள். திரும்பி வந்து குழந்தையைப் பார்ப்பாள், என்னையும் பார்ப்பாள். கடைசியில் அவளுடைய அண்ணன் வந்தார். தாப்பாவில் இருப்பவர், மலையிலிருந்து காய்கறி இறக்கும் லாரி ஓட்டுகிறவர். தைப்பூசத்துக்குத் தவறாமல் காவடி எடுப்பார். முதுகெல்லாம் கொக்கித் தழும்பு. தங்கையையும் குழந்தையையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்ற முடிவோடுதான் வந்திருந்தார். தகரப் பெட்டியில் துணி அடுக்கியாகிவிட்டது. என் மனைவி பெட்டியைச் சுற்றிக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

அன்றைக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் என்னை ஒரு சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். "நானும் வாரேன்" என்றார் மச்சான். "டாக்டர் வாயால கேட்டுக்கிறேன். பொழுது சாய வந்து அதுங்கள கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்."

பஸ்ஸில் பின்சீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டு வந்தார். "மாப்ள சினிமாவுல சேந்திருக்கலாம் லா. அழுவுறதுக்கு கிளிசரின் செலவு மிச்சம்." நான் ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்தேன். அவற்றின் பாதியைக் குடைந்து எடுத்துவிட்டார்கள். மிச்சப் பாதி அப்படியே நின்றது.

டாக்டர் ஒரு சீனர். மலாயில் மெதுவாகப் பேசினார். காசளவு உலோகத் தகடு ஒன்றை என் இடது முன்கையில் கட்டினார். கம்பி வழியாக அது சூடேறும். எவ்வளவு வலிக்கிறது என்று பத்துக்கு மார்க் சொல்ல வேண்டும். ஏழு என்றேன். பிறகு ஐஸ் மிதக்கும் வாளியில் இடது காலை வைக்கச் சொல்லி, அதே சூட்டை மறுபடியும் வைத்தார். கால் எலும்பு வரை குளிர் கடித்தது. கையின் சூடு எப்படி என்று கேட்டார். ஐஸ் ஏதோ வைத்தியம், குறைந்தது என்று சொன்னால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை. எட்டு என்றேன். இரண்டும் சேர்ந்து கத்தின, அதுதான் உண்மை.

மூலையில் மச்சான் சிரிப்பது கேட்டது.

டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அடிபடாத உடம்பு எப்படிச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும், நீங்கள் உட்கார்கிறீர்களா என்றார். மச்சான் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தகடு சூடேறியது. "பூஜ்யம்." இன்னும் ஏறியது. "பூஜ்யம்." நெற்றியில் வேர்வை அரும்பியது. வேல் குத்தும் உடம்பு, வலிக்கிறது என்று ஓர் அந்நியரிடம் எப்படிச் சொல்லும்? டாக்டர் சூட்டை நிறுத்தினார். தகட்டுக்கு அடியில் தோல் சிவந்திருந்தது.

"இது நேர்த்திக்கடன் இல்லை" என்றார் டாக்டர். "நீங்கள் மறைத்தால், இவர் உடம்பில் என்ன குறை என்று எனக்குத் தெரியாமல் போகும்."

மச்சான் சிவந்த இடத்தைப் பார்த்தார். பிறகு விரல் போன என் கையை. அந்தக் கையை அவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சற்று ஆறவிட்டு மறுபடி வைத்தார்கள். இந்த முறை ஏழு என்றார், தலையைக் குனிந்துகொண்டு. கால் ஐஸில் இறங்கியது. சூடு திரும்ப ஏறியது. அவர் முகம் குழம்பியது.

"மூணு" என்றார். "சூட்டைக் குறைச்சிட்டீங்களா டாக்டர்?"

டாக்டர் மெஷினின் முள்ளைக் காட்டினார். அதே இடம். "இன்னொரு தரம் வைங்க" என்று மச்சானே கேட்டார். வைத்தார்கள். மறுபடியும் மூணு.

ஓரிடத்தில் வலிக்கும்போது இன்னோரிடத்திலும் வலித்தால், முதல் வலியை உடம்பே கொஞ்சம் அமுக்கிவிடும், பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் என்றார் டாக்டர். எனக்கு அந்த அமுக்குகிற வேலை சரியாக நடக்கவில்லை போலிருக்கிறது. என் விரல் வலியை இதை வைத்து அளக்க முடியாது, இதற்கு மருந்தும் தன் கையில் இல்லை என்றார். நான் எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டேன். ஈரக்காலில் செருப்பு ஏறாமல் வழுக்கியது. மச்சான் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் நிலையம் வந்ததும், "எப்பவும் இப்படித்தானா?" என்றார்.

"எப்பவும்."

"தூங்கும்போது?"

"எப்ப தூங்குனேன் மச்சான்?"

அந்த வலி இன்றும் என்னோடு இருக்கிறது, இதை எழுதும்போதும். ஒருவர் நம்பியதால் அது குறைந்தது என்று சொன்னால் பொய். ஆனால் சுவரைப் பார்த்துப் படுப்பது அன்றோடு நின்றது. நம்பப்படாத வலி என்று தனியாக ஒன்று இருந்திருக்கிறது. அது எந்தத் தகட்டுக்கும் எட்டாத இடத்தில் இருந்தது.

சுங்கை சிப்புட் பஸ் ஒரு பக்கம் உறுமிக்கொண்டு நின்றது. மச்சான் அதைப் பார்த்தார், என்னோடு ஏறவில்லை. எதிர்ப்பக்கம் தாப்பா பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அதில் ஓடிப்போய்த் தொற்றினார். படியில் நின்றபடி, ஐஸ் பட்ட காலை மற்ற காலில் தேய்த்துக்கொண்டே திரும்பினார்.

"தங்கச்சிகிட்ட சொல்லுங்க மாப்ள, அந்தப் பெட்டிக் கயித்த அவுத்துடச் சொல்லுங்க."