பொத்தல் கரப்பு

என்னைப் பற்றி ஊரார் சொல்லும் கதைகளில் பாதி பொய். மீதிப் பாதியை நானே கேட்டு அதிசயப்படுவேன். நான் அடித்த பந்து வாவியைத் தாண்டி அக்கரை வயலில் விழுந்ததாம். உதைத்த உதையில் பந்து வெடித்துக் காற்று மட்டும் கோலுக்குள் போனதாம். முன்பெல்லாம் சந்தையில் யாராவது என் வலக்காலைப் பார்த்து, "இந்தக் கால்தானே?" என்று கேட்டால் உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன். இப்போது எரிச்சல்தான் வருகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. புளியந்தீவு மைதானத்தில் இறுதிப் போட்டி. நான் சென்டர் போவாட். குருக்கள்மடப் பக்கத்து அணியோடு ஆட்டம். ஆளுக்கொரு கோல் அடித்து, முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். அந்தக் காலத்தில் கோலுக்கு வலை கிடையாது. இரண்டு கம்பம், மேலே ஒரு குறுக்குத்தடி, அவ்வளவே. சனம் கம்பத்தை ஒட்டியபடி நெருக்கியடித்து நிற்கும். பின்னால் வாவி.

பந்து என் காலுக்கு வந்தது. வெறுங்காலால் ஓங்கி அடித்தேன். கம்பத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் போனது. நான் கண்டேன். கம்பத்தோடு நின்ற என் மச்சானின் முழங்காலில் பட்டு, அவன் "ஐயோ" என்று துள்ள, பந்து உருண்டு வாவிக்குள் விழுந்தது. எங்கள் சனம் "கோல்!" என்று கத்தியது.

ரெபரி தூரத்தில் நின்றவர், மூச்சு வாங்க ஓடிவந்தார். முதலில் எதிரணிக் கோல்கீப்பரைக் கேட்டார். மேற்கு வெயில் நேரே அவன் கண்ணில்.

"வெயில் அடிச்ச சேர். நான் காணல்ல" என்றான்.

'வெளியே' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்த மனிதன் உண்மையைச் சொன்னான். பிறகு ரெபரி என்னைப் பார்த்து, "உள்ளேதானே?" என்றார். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லையே என்று பல வருசம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட சமாதானம்.

அன்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கோல்கீப்பருக்குக் கிடைத்தது பாட்டு. எங்கள் பக்கத்தில் அம்மனுக்குக் கொம்பு விளையாட்டு நடக்கும்போது ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். இரு பக்கமும் வளைந்த மரக்கொம்பை மாட்டி இழுக்கும். எவன் கொம்பு முறிகிறதோ அவனுக்கு வசைப்பாட்டு. தாயையும் தகப்பனையும் விடாமல் பாடுவார்கள். ஆனால் கோயிலில் அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திச் சடங்கு முடிந்தால் வசையும் முடிந்தது. மறுநாள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எங்கள் பொடியன்கள் அந்த வழக்கத்தைப் பந்தடிக்குக் கொண்டுவந்தார்கள். வசையைக் கொண்டுவந்தவர்கள் குளிர்த்தியைக் கொண்டுவரவில்லை. மீன் பிடிக்கும் பிரம்புக் கரப்பில் ஓட்டை இருந்தால் மீன் நிற்குமா? அவன் கை அப்படியாம்.

*பொத்தல் கரப்பு வைச்சான் மச்சான்*
*பிடிச்ச மீனும் ஓடிப்போச்சு*

அவனுக்கு அதுவே பேராகிவிட்டது. அடுத்த வருசம் அவன் விளையாட வரவில்லை. நான் பிறகும் ஏழெட்டு வருசம் ஆடினேன், கொழும்பு வரை போய் அடித்தேன், முழங்கால் பிசகி நின்றேன். என் நல்ல கோல் ஒன்றையாவது யாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்களா? இல்லை. எல்லாருக்கும் அந்த ஒன்றுதான்.

யுத்த காலத்தில் என் தம்பிக்குக் குருக்கள்மடத்தில் பெண் கேட்டுப் போனோம். மச்சானும் கூட வந்தான். எங்கள் பக்கத்தில் பெண்ணின் தாய்மாமன் வெற்றிலை எடுக்காமல் எந்தக் கலியாணமும் நடக்காது. வட்டாத் தட்டில் வெற்றிலை வைத்துக் காத்திருந்தோம். தாய்மாமன் வந்தார். அந்தக் கோல்கீப்பர்.

அதற்குள் நான் வந்த செய்தி பரவி, முற்றம் நிறையப் பொடியன்கள். ஒருவன் சந்தோசம் தாங்காமல், யார் வீட்டு முற்றத்தில் நிற்கிறோம் என்பதையும் மறந்து, பொத்தல் கரப்பைப் பாடத் தொடங்கிவிட்டான். பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். வீட்டுப் பெண்கள் உள்ளே போய்விட்டார்கள்.

அவர் கோபிக்கவில்லை. வெற்றிலையைத் தொடாமல் என்னைக் கேட்டார்.

"அண்ண, ஒண்டு கேக்கட்டா? அந்தப் பந்து என்ட எந்தக் கைப்பக்கத்தால போன? இத்தனை வருசமா யோசிக்கிறன். கண் தெரியாட்டியும் கை போயிரிக்கணுமே. எப்படி விட்டன் எண்டு விளங்கல்ல."

என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த மனிதன் நடக்காத ஒரு பிழையைத் தன் கையில் தேடிக்கொண்டே வயதாகியிருக்கிறார். தம்பியின் கலியாணம் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"பந்து உள்ளுக்குப் போகல்ல. கம்பத்துக்கு வெளிய போன. எனக்கு அண்டைக்கே தெரியும். ரெபரிக்கிட்ட நான் பொய்க்குத் தலையாட்டினன்."

முற்றத்தில் ஒரே சிரிப்பு.

"பாத்தீங்களா, பெரிய மனுசன் எண்டா இதுதான்!" என்றான் ஒருவன். "தோத்தவன்ட மனம் நோகக்கூடாதாம்!"

மச்சானைப் பிடித்து உலுக்கினேன். "நீ சொல்லு! உன்ட முழங்கால்ல பட்டுத்தானே பந்து வாவிக்க விழுந்த? ஒரு கிழமை நொண்டினியே!"

மச்சான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "என்ன மச்சான் கதைக்கிறாய்? நான் நொண்டின மரத்தால விழுந்து. பந்து நட்டநடுவால போன. என்ட கண்ணால கண்டன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். அத்தனை வருசமாகச் சொல்லிச் சொல்லி, அப்படியே கண்டதாகவே அவனுக்கு ஆகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிசம் என் கண்ணையே சந்தேகப்பட்டேன்.

அவர் வட்டாவை மெல்லத் தன் பக்கம் இழுத்து ஒரு வெற்றிலை எடுத்தார்.

"அண்ண, ஒரு கலியாணத்துக்காக நீங்க பொய் சொல்லத் தேவல்ல. உங்கட தம்பி நல்லவர் எண்டு விசாரிச்சிட்டன். புள்ளயத் தாறம்."

"பொய் இல்ல, சத்தியமா..." என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு அவர் ஆறுதல் சொன்னார்!

கலியாணம் சிறப்பாக நடந்தது. சாப்பாடு முடிந்ததும் பொடியன்கள் பாட்டை எடுத்தார்கள். இப்போது அதில் ஒரு அடி கூடியிருந்தது: வெளியே போனதென்று சொல்லித் தோற்றவனைத் தேற்றிய தங்கமான மனுசன் என்று என்னைப் பற்றி. அவரும் ஓரமாக நின்று கைதட்டினார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "நிப்பாட்டுங்கடா!" என்று கத்தினேன். எனக்கு அடக்கம் அதிகம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, எனக்காக முதலில் இருந்து இன்னொரு தரம் பாடினார்கள்.